கூஸ்பெர்ரி எந்தத் திணைச் செடி?

காட்டில் தானாக வளரும் கூஸ்பெர்ரிப் புதர்களைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். கலிபோர்னிய மலைகளில் உயரம் மாற மாற அந்தப் புதரின் இனமும் மாறுகிறது என்பதே அக்குறிப்பின் சாரம். அதையொட்டி வந்த கடிதங்களில் ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டு, இம்முறை முழுப் பகுதியையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் மகள் படிக்கும் ஆங்கிலக் கதையொன்றில் சிறுவர்கள் வேலியோரத்தில் காட்டு கூஸ்பெர்ரி பறிக்கிறார்கள். அகராதியில் பார்த்தால் நெல்லிக்காய் என்று போட்டிருக்கிறது. நெல்லி மரமாயிற்றே, அது வேலியோரப் புதரில் எப்படிக் காய்க்கும்? (ஆசிரியை ஒருவர், மதுரை)

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. நெல்லியும் கூஸ்பெர்ரியும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத தாவரங்கள். நம் பெருநெல்லி, கீழாநெல்லியின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். இலையுதிர் காடுகளிலும் வறண்ட குன்றுச் சரிவுகளிலும் இயல்பாக வளர்வது. கூஸ்பெர்ரியோ ரைபீஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த முட்புதர். இடுப்பளவு உயரத்தில் நின்றுவிடுவதும் உண்டு, ஆளுயரத்தைத் தாண்டுவதும் உண்டு. தம் ஊர் வேலிகளில் பறித்துத் தின்ற பழத்தின் பச்சை நிறத்தையும் உருண்டை வடிவத்தையும் பல் கூசும் புளிப்பையும் நெல்லிக்காயில் கண்ட ஆங்கிலேயர், அதை 'இந்தியன் கூஸ்பெர்ரி' என்று அழைக்கத் தொடங்கினர். அந்தப் பெயரைத் திரும்பத் தமிழாக்கியவர்கள் 'இந்தியன்' என்னும் சொல்லை விட்டுவிட்டதால் வந்த குழப்பம் இது.

பழத்தைக் கையிலெடுத்துப் பார்த்தாலே வேறுபாடு விளங்கிவிடும். தோட்டத்துக் கூஸ்பெர்ரி ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்தால் அதன் தோல் எண்ணெய் தடவிய தாளைப் போல ஒளியை உள்ளே விடும். காம்பிலிருந்து நுனி வரை வெளிறிய நரம்புக் கோடுகள் ஓடுவதும், வழுவழுப்பான சதைக்குள் சிறு விதைகள் பல கிடப்பதும் தெரியும். நுனியில், வாடிய பூவின் மிச்சம் ஒரு பழுப்புக் குச்சமாக உதிராமல் ஒட்டியிருக்கும். நெல்லிக்காயில் பூவின் மிச்சம் இராது. மேலே ஆறு மெல்லிய பள்ளக் கோடுகளும், உள்ளே கெட்டியான ஒரே கொட்டையும் இருக்கும்.

இந்த ஆங்கிலப் பெயர் தமிழ்நாட்டில் இன்னும் சில பழங்கள் மீதும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அரைநெல்லியை 'ஸ்டார் கூஸ்பெர்ரி' என்பார்கள். நீலகிரியில் காகிதக் கூடு போன்ற உறைக்குள் பழுக்கும் மஞ்சள் பழம் 'கேப் கூஸ்பெர்ரி'. அது தக்காளியின் குடும்பம். அதே மலையில் புல்வெளிகளின் ஓரம் இளஞ்சிவப்புப் பூப்பூக்கும் தவிட்டுப்பழச் செடிக்கு 'ஹில் கூஸ்பெர்ரி' என்று பெயர். அது கொய்யாவின் குடும்பம். ஆகவே, மொழிபெயர்க்கும்போது கூஸ்பெர்ரியைக் கூஸ்பெர்ரி என்றே எழுதிவிடுவது நேர்மையானது என்பது என் கருத்து. நற்றிணையின் மூன்றாம் பாட்டில், வேப்பமரத்தின் புள்ளி நிழலில் சிறுவர்கள் நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். அது பாலைத் திணைப் பாட்டு. அந்த வெயில் நிலத்து நெல்லியையும் பனி பெய்யும் நாட்டின் வேலிப் புதரையும் ஒரே சொல்லில் அடைத்தால், இரண்டின் நிலமும் நம் கண்ணுக்கு மறைந்துபோகும்.

கேள்வி: 'தாவரச் சமுதாயம்' என்று பாடநூலில் வருகிறது. ஒரு செடி வளரும் இடத்தைச் சொன்னால் போதாதா? காட்டு கூஸ்பெர்ரியை வைத்தே இதை விளக்க முடியுமா? (தாவரவியல் மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: இதற்குக் கூஸ்பெர்ரியை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை. வாழிடம் என்பது செடிக்குக் கிடைக்கும் மண், நீர், ஒளி, குளிர், சரிவு ஆகியவற்றைக் குறிக்கும். தாவரச் சமுதாயம் என்பது, அந்த நிலைமைகளைத் தாங்கிக்கொண்டு ஓரிடத்தில் மீண்டும் மீண்டும் சேர்ந்தே காணப்படும் மரம் செடி கொடிகளின் கூட்டம். மண்ணையும் மழையையும் அளக்கக் கருவி வேண்டும். ஆனால் பக்கத்தில் எந்த மரம் நிற்கிறது என்று பார்த்தாலே அந்த அளவுகளில் பாதியை ஊகித்துவிடலாம். பிலிப் மன்ஸும் டேவிட் கெக்கும் 1959-இல் வெளியிட்ட கலிபோர்னியத் தாவர நூலில், ஒவ்வொரு செடியின் விவரத்தோடும் அது எந்தச் சமுதாயத்தில் காணப்படும் என்பதையும் சேர்த்தே தந்தார்கள். நிலத்துக்குக் குறிஞ்சி என்றும் முல்லை என்றும் பூவின் பெயரை வைத்த மரபில் வந்த நமக்கு இந்தக் கருத்து அந்நியமன்று. திணை, மக்களின் ஒழுக்கத்தையும் உள்ளடக்கிய இலக்கிய மரபு. இதுவோ களத்தில் நடந்து எண்ணிப் பார்த்து வகுத்தது என்னும் வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கலிபோர்னியாவில் ரைபீஸ் பேரினத்தின் இயல் இனங்கள் ஏறத்தாழ முப்பது உள்ளன. அவற்றுள் முள் இல்லாமல் கொத்துக் கொத்தாகக் காய்ப்பவற்றைக் கரண்ட் என்றும், கணுவுக்குக் கணு முள் வைத்து ஒன்றிரண்டாகக் காய்ப்பவற்றைக் கூஸ்பெர்ரி என்றும் பொதுவாகப் பிரிப்பார்கள். முள் கொண்டவற்றை மட்டும் தேடிக்கொண்டு, யோசெமிட்டி தேசியப் பூங்கா வழியாகச் சியரா நெவாடா மலைத்தொடரைக் குறுக்கே கடக்கும் 120-ஆம் எண் நெடுஞ்சாலையில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலை 3,031 மீட்டர் உயரத்தில் தியோகா கணவாயைத் தாண்டுகிறது. பனி காரணமாகக் கணவாய்ப் பகுதி பெரும்பாலும் நவம்பர் முதல் மே வரை மூடப்பட்டிருக்கும். ஆகவே கோடையில்தான் இந்தப் பயணம் வாய்க்கும்.

சமவெளியை விட்டு ஏறத் தொடங்கியதும் வருவது அடிவாரத்து ஓக் வனம். இலையில் நீலச் சாயல் ஓடும் நீல ஓக்கும், சாம்பல் நிறச் சாம்பல் பைனும் எட்ட எட்ட நிற்க, இடையில் கோடையில் காய்ந்து பொன்னிறமாகும் புல். இங்கே வளர்வது மஞ்சள் பூப்பூக்கும் ஓக் கூஸ்பெர்ரி. மழை குளிர்காலத்தில் மட்டுமே பெய்து, கோடை முழுவதும் வறண்டு கிடக்கும் நிலம் இது. அதனால் இந்தப் புதர் குளிர்காலத்தின் முடிவிலேயே பூத்து, வசந்தத்தில் காய்த்து, கோடையில் இலையை உதிர்த்துவிட்டு வெறும் முள்ளாக நிற்கும். அதைப் பட்டுப்போன புதர் என்று எண்ணிப் பலர் கடந்துபோவார்கள்.

ஆயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு மஞ்சள் பைன் காடு தொடங்குகிறது. பாண்டரோசா பைன், சர்க்கரைப் பைன், தூபச் சிடார், வெள்ளை ஃபிர், கருப்பு ஓக் ஆகியவை கலந்து நிற்கும் இந்தக் காட்டின் கூஸ்பெர்ரிதான் சியரா கூஸ்பெர்ரி. மரங்கள் நெருங்கிய இருட்டில் இதைத் தேடினால் கிடைக்காது. மரம் விழுந்து வெயில் இறங்கிய இடங்களிலும், பாதையோரங்களிலும், உலர்ந்த திறந்த சரிவுகளிலும் இது நிற்கும். இதன் பூ சிறியது. ஆனால் குனிந்து பார்க்கத் தக்கது. கருஞ்சிவப்புப் புல்லி இதழ்கள் பின்னோக்கி மடங்கியிருக்க, அவற்றின் நடுவிலிருந்து வெள்ளை இதழ்கள் குழல் போலச் சுருண்டு தலைகீழாகத் தொங்கும். மேலே ஏற ஏறச் சிவப்பு ஃபிர் காடு வருகிறது. பனி ஆழமாகப் படியும் உயரம் அது. அங்கும் திறந்த இடங்களில் சியரா கூஸ்பெர்ரி சிறிது தூரம் கூடவே வந்து, பிறகு நின்றுவிடுகிறது.

கணவாயை நெருங்கும்போது மரங்கள் குட்டையாகிவிடுகின்றன. லாட்ஜ்போல் பைனும் வெண்பட்டைப் பைனும் காற்றுக்கு வளைந்து நிற்கும் அந்த உயரத்தில், பாறை இடுக்குகளிலும் மரத்தடிகளிலும் தரையோடு ஒட்டிப் படர்வது மலை கூஸ்பெர்ரி. இதன் பழம் சிவப்பு. முள்ளுக்குப் பதிலாகப் பிசுபிசுக்கும் சுரப்பி மயிர்கள் பழத்தை மூடியிருக்கும். வளரும் காலம் சில வாரங்களே என்பதால் பனி உருகியதுமே இலை விடுகிறது.

கணவாயைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் சில கிலோமீட்டரில் உலகமே மாறுகிறது. பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் மழை மேகங்கள் மேற்குச் சரிவிலேயே பொழிந்துவிட, கிழக்குப் பக்கம் மழை மறைவு நிலமாகிறது. வால்பாறையின் மழையையும் உடுமலைப்பேட்டையின் வெயிலையும் அறிந்த கோவைக்காரருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மோனோ ஏரியின் சுற்றுப்புறம் எங்கும் சாம்பல் பச்சை நிறச் சேஜ்பிரஷ் புதர். சற்று மேலே பின்யான் பைனும் ஜூனிபரும். இங்கே வளர்வது பாலை கூஸ்பெர்ரி. சிறிய, தடித்த இலைகள், மங்கலான சிறு பூக்கள், விறைத்த கிளைகள் என்று அந்த நிலத்தின் வறட்சி முழுவதும் அதன் உருவத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரே நாள் பயணத்தில், ஒரே பேரினம், நான்கு நிலங்களில் நான்கு இனங்கள். 'மலையில் வளரும்' என்று மட்டும் எழுதி வைத்தால் இந்த நான்கில் எதைச் சொல்கிறோம் என்பதே தெரியாமல் போகும். இடத்தைச் சொன்னால் போதாதா என்ற உங்கள் கேள்விக்கு இதுவே என் விடை.

கடலோரத்தையும் விட்டுவிட மனமில்லை. வடக்கே, மூடுபனி நனைக்கும் காடுகளில், வானுயர்ந்த ரெட்வுட் மரங்களுக்கும் டக்ளஸ் ஃபிர் மரங்களுக்கும் கீழே பள்ளத்தாக்கு கூஸ்பெர்ரி வளர்கிறது. 1790-களில் ஜார்ஜ் வான்கூவர் என்னும் கடற்பயணியின் கப்பலில் இக்கரைக்கு வந்த ஆர்ச்சிபால்ட் மென்சீஸ் என்னும் தாவரவியலாளரின் பெயரை அதன் அறிவியல் பெயர் தாங்கியிருக்கிறது. தெற்கே, கடலோரச் சேஜ் புதர்க்காட்டிலும், சப்பரல் எனப்படும் கெட்டி இலைப் புதர்க்காட்டிலும் ஃபியூஷியாப்பூ கூஸ்பெர்ரி இருக்கிறது. என் பார்வையில் இந்தப் பேரினம் முழுவதிலும் அழகானது இதுதான். வளைந்த கிளையின் அடிப்பக்கத்தில், மணிக்கூட்டம் தொங்கவிட்டதைப் போல, இரத்தச் சிவப்புப் பூக்கள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொரு பூவிலிருந்தும் நான்கு மகரந்தத் தாள்கள் பூவைப் போல் இரு மடங்குக்கு மேல் நீண்டு வெளியே வந்திருக்கும். ஜனவரியிலேயே பூக்கத் தொடங்குவதால், பிற பூக்கள் அரிதான நாள்களில் ஓசனிச்சிட்டுகளுக்கு இது தேன் தருகிறது. சிட்டு, பூவின் கீழே அந்தரத்தில் நின்று அலகை மேல்நோக்கி நுழைக்கும்போது, நீண்ட தாள்களின் மகரந்தம் அதன் உடலில் ஒட்டிக்கொண்டு அடுத்த புதருக்குப் போகிறது.

கேள்வி: சென்ற ஆகஸ்டில் சியரா மலைப் பாதையில் நடந்தபோது, உடம்பெல்லாம் முள்ளாக, கடல் முள்ளெலியைப் போல ஒரு சிவப்புப் பழம் கண்டோம். குழந்தைகள் தின்னக் கேட்டார்கள், பயந்து விட்டுவிட்டோம். அது கூஸ்பெர்ரிதானா? (ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா)

பதில்: நீங்கள் கூறும் உருவமும் இடமும் மாதமும் சியரா கூஸ்பெர்ரிக்கே பொருந்துகின்றன. பழத்தின் மேல் அத்தனை விறைத்த முள் இருந்தாலும் உள்ளே இருப்பது உண்ணத்தக்க, புளிப்பு கலந்த இனிப்புச் சதைதான். அப்பகுதியின் பூர்வகுடி மக்கள் கூஸ்பெர்ரிப் பழங்களை நெடுங்காலமாக உண்டு வந்திருக்கிறார்கள். வீட்டுச் சமையலில், பழத்தை முள்ளோடு வேகவைத்துத் துணியில் வடிகட்டிச் சாற்றை மட்டும் எடுத்து, சர்க்கரை சேர்த்து ஜெல்லி காய்ச்சுவது வழக்கம். ஆனாலும் படத்தையோ என் பதிலையோ மட்டும் நம்பிக் காட்டுப் பழம் எதையும் குழந்தைகளுக்குத் தராதீர்கள். செடியை அறிந்தவர் ஒருவர் நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே பறிக்க வேண்டும். தேசியப் பூங்காவாக இருந்தால் பறிக்க அனுமதி உண்டா என்பதையும் அங்கேயே கேட்டறிந்துகொள்ளுங்கள். கரடியும் மானும் அணிலும் பறவையும் அந்தப் பழத்தை நம்பியிருப்பவை என்பதால், அனுமதி உள்ள இடத்திலும் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: காட்டுத்தீ எரிந்த இடத்தில் கூஸ்பெர்ரி அதிகமாக முளைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எரிந்த மண்ணில் விதை எங்கிருந்து வருகிறது? (சேலம்)

பதில்: பெரும்பாலான விதை எங்கிருந்தும் வருவதில்லை, மண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. சியரா கூஸ்பெர்ரியின் பழத்தைப் பறவைகளும் கரடிகளும் தின்று விதையை எச்சத்தோடு பரப்புகின்றன. சிப்மங்க் போன்ற சிறு அணில்கள் விதைகளைப் பொறுக்கி, பின்னால் தின்பதற்காக மண்ணில் சிறு சிறு குவியல்களாகப் புதைக்கின்றன. மறந்துபோனவை அங்கேயே தங்கிவிடும். கெட்டியான உறை கொண்ட அந்த விதைகள் பல பத்தாண்டுகள் உயிரோடு உறங்கக் கூடியவை. குளிர்காலத்தின் ஈரக் குளிரைக் கண்ட பிறகே முளைக்கும் இயல்பும் அவற்றுக்கு உண்டு.

இதற்கிடையில் மேலே காடு அடர்ந்துவிடுகிறது. ஒளி குறையக் குறையத் தாய்ப்புதர் காய்ப்பதை நிறுத்தி, மெலிந்து, ஒருநாள் பட்டுப்போகிறது. ஒரு புதர் கூடக் கண்ணுக்குத் தெரியாத அந்தக் காட்டின் மண்ணில் விதைகள் மட்டும் காத்திருக்கும். மிதமான தீ வந்து உதிர்ந்த ஊசியிலைகளின் மெத்தையை எரித்து, மேற்கவிகையைத் திறந்து, மண்ணில் வெயில் படவைத்தால், அடுத்த வசந்தத்தில் நாற்றுகள் கூட்டமாக எழுகின்றன. தீ மிகக் கடுமையாக எரிந்தால் விதையும் வெந்துவிடும். மரம் வெட்டி மண்ணைக் கிளறினாலும் இதே போல் முளைப்பதைக் காணலாம். எனவே கூஸ்பெர்ரியைக் காட்டின் ஒரு நிலைத்த உறுப்பு என்று சொல்வதை விட, காடு திறக்கும்போதெல்லாம் வெளியே வந்து, மூடும்போது மண்ணுக்குள் போய்விடும் உறுப்பு என்று சொல்வதே பொருந்தும். இருபதாம் நூற்றாண்டில் பெரும்பகுதியும் எல்லாத் தீயையும் உடனுக்குடன் அணைத்துவிடும் கொள்கை சியராவில் இருந்தது. அதனால் காடுகள் அடர்ந்து, இத்தகைய திறந்த இடங்கள் குறைந்தன.

கேள்வி: அமெரிக்காவில் கூஸ்பெர்ரிச் செடிகளை அரசே ஆள் வைத்துப் பிடுங்கி எறிந்ததாகக் கேள்விப்பட்டேன். தன் நாட்டுச் செடியை எதற்காகப் பிடுங்க வேண்டும்? (திருநெல்வேலி)

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

வெள்ளைப் பைன் கொப்புளத் துரு நோய் என்று ஒரு பூஞ்சை நோய் உண்டு. அந்தப் பூஞ்சை ஆசியாவில் தோன்றி, ஐரோப்பாவுக்குப் பரவியது. அமெரிக்கப் பைன்களின் நாற்றுகளை ஐரோப்பிய நாற்றங்கால்களில் மலிவாக வளர்த்துத் திரும்ப அமெரிக்காவுக்கே கொண்டுவரும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அந்த நாற்றுகளோடு நோயும் கப்பலேறியது. கிழக்குப் பகுதியில் 1906-இல் கண்டறியப்பட்டது. மேற்குக் கரைக்கு 1910-இல், பிரான்சிலிருந்து கனடாவின் வான்கூவர் நகருக்கு வந்த நாற்றுகளோடு நுழைந்தது. செடிகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அமெரிக்கா 1912-இல் இயற்றியதற்கு இந்த நோயும் ஒரு காரணம். சட்டம் வருமுன் நோய் வந்துவிட்டது.

இந்தப் பூஞ்சையின் வாழ்க்கை இரண்டு வீடுகளில் நடப்பது. ஒரு கொத்தில் ஐந்து ஊசிகள் கொண்ட பைன்கள் ஒரு வீடு. ரைபீஸ் இனங்கள், அதாவது கரண்டும் கூஸ்பெர்ரியும், மற்றொரு வீடு. வசந்தத்தில் பைனின் பட்டையில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள் வெடித்து, பூஞ்சைக்கு விதை போன்ற நுண்ணிய வித்துகள் காற்றில் பறக்கும். அவை பல நூறு கிலோமீட்டர் கூடப் போகக் கூடியவை. ஆனால் அவற்றால் இன்னொரு பைனைத் தொற்ற முடியாது; ரைபீஸ் இலையில் விழுந்தால்தான் உயிர். கோடை முழுவதும் ரைபீஸ் இலைகளின் அடிப்பக்கத்தில் மஞ்சள்பொடி தூவியதைப் போலப் பெருகி, புதருக்குப் புதர் பரவி, கோடை முடிவில் அதே இலையின் அடியில் பழுப்பு மயிர் போன்ற உறுப்புகளை உண்டாக்கும். அவற்றிலிருந்து வரும் மெல்லிய வித்துகள் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் பிழைத்துப் போவதில்லை. குளிர்ந்த, ஈரமான காற்று இருந்தால் பக்கத்துப் பைனின் ஊசியிலைத் துளை வழியே நுழைந்து, கிளைக்கும் தண்டுக்கும் இறங்கி, சில ஆண்டுகளில் பட்டையைச் சுற்றி அழித்து மரத்தைக் கொல்லும். ரைபீஸுக்குப் பெரும்பாலும் இலை உதிர்வதோடு சரி.

பைனிலிருந்து பைனுக்குத் தொற்றாது, இடையில் ரைபீஸ் வேண்டும் என்றால் ரைபீஸை ஒழித்தால் நோய் ஒழியுமல்லவா? அப்படித்தான் எண்ணினார்கள். தோட்டங்களில் வளர்ப்பதற்கு நடுவணரசின் தடை வந்தது. 1966 வரை அது நீடித்தது, இன்றும் சில மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு. காட்டிலும் வேட்டை நடந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அமைத்த குடிமக்கள் காப்புப் படையினர், நூல் கட்டிப் பகுதி பிரித்து, வரிசையாக நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு ரைபீஸ் புதரையும் வேரோடு தோண்டி எடுத்தார்கள். இடாஹோவின் பள்ளத்தாக்குகளிலும் சியராவின் சர்க்கரைப் பைன் காடுகளிலும் இந்த வேலை பல்லாண்டுகள் நடந்தது.

முந்தைய பதிலை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது ஏன் கைகூடவில்லை என்பது விளங்கிவிடும். புதரைத் தோண்டும் கையே மண்ணைக் கிளறி, உறங்கிய விதைக்கு ஒளி காட்டுகிறது. பிடுங்கிய இடத்தில் சில ஆண்டுகளில் மீண்டும் நாற்று. அறுந்து மண்ணில் தங்கிய வேர்த்துண்டுகளிலிருந்தும் சில இனங்கள் துளிர்த்தன. மனிதர் ஏற முடியாத பாறைச் சரிவுகளில் புதர்கள் அப்படியே இருந்தன. 1960-களில் அந்தப் பெருந்திட்டம் மேற்கில் கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு, நோயை இயல்பாகவே எதிர்க்கும் சர்க்கரைப் பைன்களையும் மேற்கு வெள்ளைப் பைன்களையும் தேடிக் கண்டு அவற்றின் விதையைப் பெருக்கும் வழிக்குத் திரும்பினார்கள். இன்றும் அந்த வேலை நடக்கிறது. பெடிகுலாரிஸ், காஸ்டில்லேஜா என்னும் பூச்செடிகளும் இப்பூஞ்சைக்கு வீடாக முடியும் என்று பிற்காலத்தில் அமெரிக்கக் காடுகளிலேயே தெரியவந்தது. அப்படியானால் கூஸ்பெர்ரியை முழுவதும் ஒழித்திருந்தாலும் கதவு முழுவதும் அடைபட்டிருக்காது.

மரங்களின் இழப்பை நான் சிறிதாக்கிச் சொல்லவில்லை. கணவாயின் உயரத்தில் மலை கூஸ்பெர்ரிக்குத் துணை நிற்பதாக மேலே சொன்ன வெண்பட்டைப் பைன், இந்த நோயாலும் பட்டை வண்டுகளாலும் தீயாலும் வெப்பமாகும் காலநிலையாலும் நலிந்து, 2022 டிசம்பரில் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினச் சட்டத்தின் கீழ் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் பைனும் கூஸ்பெர்ரியும் அங்கே யுகயுகமாக அக்கம்பக்கமாக வாழ்ந்தவை. அவற்றுக்கிடையே பகை இருந்ததில்லை. வெளியிலிருந்து மனிதன் கொண்டுவந்த பூஞ்சைதான் பழைய அயலாரை ஒருவருக்கொருவர் ஆபத்தாக்கியது. பிடுங்கப்பட்ட ஒவ்வொரு புதரோடும் ஓசனிச்சிட்டின் தேனும், கரடியின் பழமும், ரைபீஸ் இலையையே தின்று வளரும் வால் காப்பர் பட்டாம்பூச்சியின் புழுவும் போயின என்பதை எண்ணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கேள்வி: இந்தியாவில் எங்காவது காட்டு கூஸ்பெர்ரி உண்டா? எங்கள் ஊர்க் குளிருக்கு இதை வளர்க்க முடியுமா? (உதகமண்டலம்)

பதில்: உண்டு, ஆனால் இமயத்தில்தான். இமயத்திலிருந்து திபெத்தும் மேற்குச் சீனமும் வரை பரவிய இமாலய கூஸ்பெர்ரி, கணுவுக்கு மூன்றாக நீண்ட முள் வைக்கும் புதர். மழை குறைந்த உட்பள்ளத்தாக்குகளில், நீல பைன், தேவதாரு, ஜூனிபர் ஆகியவற்றின் அயலில், ஓடைக்கரைகளிலும் கற்சரிவுகளிலும் வளர்கிறது. முள்ளுக்காக வேலியாகவும் வைக்கப்படுகிறது. லடாக், ஸ்பிட்டி போன்ற வறண்ட உயர்நிலங்களில் முள்ளற்ற உறவினமான கீழைக் கரண்ட் கற்களுக்கிடையே நிற்கும். நீல பைனும் ஐந்தூசிப் பைன்தான் என்பதைக் கவனியுங்கள். சியராவில் கண்ட அதே அயல்நட்பு இங்கும் இருக்கிறது. ஆசியாவின் ஐந்தூசிப் பைன்கள் பல, துரு நோயோடு நெடுங்காலம் பழகி, அதை ஓரளவு தாங்கும் ஆற்றல் பெற்றவை.

தென்னிந்தியாவில் ரைபீஸ் இயல்பாக வளர்வதில்லை. உங்கள் ஊரில் உறைபனி விழும் இரவுகள் உண்டு. ஆனால் அந்தப் பகல்களில் வெயில் அடிக்கிறது. கூஸ்பெர்ரியின் மொட்டுகள் உறக்கம் கலைந்து ஒழுங்காகப் பூக்க, பல நூறு மணி நேரம் தொடர்ந்த குளிர் தேவை. தொட்டியில் வைத்து இலை பார்க்கலாம். காய்ப்பை எதிர்பார்ப்பது கடினம். முட்புதரை வெளியிலிருந்து கொண்டுவந்து மலையில் விடுவதையும் நான் ஊக்குவிக்க மாட்டேன். வெளியிலிருந்து வந்த உண்ணிச்செடியும் சீகை (வாட்டில்) மரமும் உங்கள் மலையில் செய்திருப்பதை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள். சியராவுக்கு வந்த பூஞ்சையும் நாற்றோடு ஒட்டிவந்ததுதான்.

அதற்குப் பதில், உங்கள் மலையிலேயே 'கூஸ்பெர்ரி' என்று பெயர் பெற்ற தவிட்டுப்பழச் செடியைத் தேடிப் பாருங்கள். சோலைக்காடு முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்பில், வெயிலும் ஈரமும் சேரும் இடத்தில் அது நிற்கும். பழத்தின் தோலைத் தடவினால் தவிட்டைத் தொட்டதைப் போன்ற மென்மயிர் கையில் படும். அடுத்த முறை அதைக் காணும்போது, சுற்றிலும் பத்தடிக்குள் வேறு என்னென்ன செடிகள் நிற்கின்றன என்று எழுதி அனுப்புங்கள். இதே பகுதியில் வெளியிடுகிறேன்.